யூசிஎச்எல்1: மூளையின் முகவரி சொல்லும் மரபணு

செல்லுக்குள் ஒரு புரதத்தின் வேலை முடிந்துவிட்டால், அதன் மேல் யுபிக்விடின் என்ற குட்டிப் புரதம் சீட்டு மாதிரி ஒட்டப்படும். 76 அமினோ அமிலம்தான் அதன் நீளம். இந்தச் சீட்டுகள் சங்கிலியாகச் சேர்ந்தால், பெரும்பாலும் 'இதை உடைத்துவிடு' என்று அர்த்தம். புரோட்டியசோம் என்ற அமைப்பு அந்தப் புரதத்தை நறுக்கித் தள்ளிவிடும். இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் சிகானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஒட்ட ஆள் இருந்தால் பிய்க்கவும் ஆள் வேணும் இல்லையா? மனிதரிடம் அப்படிப்பட்ட நொதிகள் சுமார் 100 இருக்கு. அதில் ஒன்றுக்கான மரபணுதான் நான்காம் குரோமோசோமில் உள்ள யூசிஎச்எல்1.

மென்பொருள் பாஷையில் சொன்னால், ஒரே கோட் எல்லா மெஷினிலும் இருக்கு; ஓடுவது சிலதில்தான். இந்த மரபணுவும் நம் கல்லீரல் செல்லில் இருக்கு, ஆனால் கிட்டத்தட்ட ஓடுவதே இல்லை. நியூரானிலோ அசுர வேகம்: மூளையில் உள்ள கரையும் புரதத்தில் 1 முதல் 2 சதவீதம் இது ஒன்றுதான். ஒரு நொதிக்கு இது ரொம்ப அதிகம்.

அவ்வளவு எதற்கு? சோதனைக் குழாயில் இது யுபிக்விடினின் வாலில் தொங்கும் சின்னத் துண்டுகளை மட்டுமே வெட்டுகிறது. பெரிய புரதங்கள் இதன் குறுகலான வளையத்துக்குள் நுழையாது. செல்லில் யுபிக்விடின் இருப்பைக் காப்பதும் இதன் வேலை என்கிறார்கள். வேலை எதுவானாலும், நரம்புக்கு இது இல்லாமல் முடியாது. 2013ல் வெளியான ஆய்வு ஒன்றில், துருக்கிக் குடும்பம் ஒன்றின் மூன்று பிள்ளைகளுக்கு இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுது. சின்ன வயசிலேயே பார்வை போனது, பிறகு நடையும் தள்ளாடியது.

மருத்துவருக்கு உதவியது இதன் வேலையைவிட இதன் முகவரிதான். தலையில் அடிபட்டு நியூரான் சிதைந்தால் இந்தப் புரதம் ரத்தத்தில் கசியும். இதையும், மூளையின் துணைச் செல்களில் உள்ள ஜிஎஃப்ஏபி என்ற புரதத்தையும் சேர்த்து அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2018ல் அனுமதி தந்தது. அடிபட்ட 12 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்கணும். 1,947 மாதிரிகளில் பார்த்தபோது, 'இல்லை' என்று முடிவு வந்தவர்களில் 99.6 சதவீதம் பேருக்கு சிடி ஸ்கேனிலும் மூளைக் காயம் தெரியவில்லை. வீண் கதிர்வீச்சு மிச்சம்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைங்க: 'இல்லை' என்றால் ஸ்கேன் தேவைப்படாது என்றுதான் பொருள், மூளை அதிரவே இல்லை என்றல்ல. தலைசுற்றலோ வாந்தியோ இருந்தால் மருத்துவரிடம் போய்த்தான் ஆகணும்.