நோவு அடங்கினாலும் எலும்பு கரையும்

களை பிடுங்கி, கச்சான் பிடுங்கிய கை நோகத்தான் செய்யும். படுத்து எழும்பினால் அந்த நோவு தணியும். ஆனால் விடிய எழும்பும்போதே விரல்கள் விறைத்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல், இரு கை மொழிகளும் வீங்கி, கிழமைக்கணக்கில் இப்படியே இருந்தால் அது வேலைக் களைப்பு அல்ல, முடக்குவாதமாக இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது கூடுதலாக வருகிறது.

எலும்பைக் கல்லுப்போன்ற உயிரற்ற பொருளென எண்ணுகிறோம். உண்மையில் அது வவுனிக்குளத்துக் கட்டுப் போன்றது. பழுதான மண்ணை ஒரு கூட்டம் வெட்டி அகற்ற, இன்னொரு கூட்டம் புதுமண் போட்டு இறுக்கவேண்டும். உடலிலும் எலும்பைக் கரைக்கும் கலங்கள் உண்டு. கட்டும் கலங்களும் உண்டு.

முடக்குவாதத்தில், கிருமிகளை எதிர்க்கவேண்டிய சக்தி சொந்த மூட்டின் உட்சவ்வையே தாக்குகிறது. சவ்வு தடித்து வீங்குகிறது. இதுவே அழற்சி. அங்கே ரீ.என்.எப்., இன்ரர்லியூக்கின்-6 முதலிய புரதங்கள் சுரக்கின்றன. இவற்றின் தூண்டுதலால் 'றாங்க் லிகண்ட்' என்னும் இன்னொரு புரதம் பெருகி, கரைக்கும் கலங்களை மேலும் மேலும் உண்டாக்குகிறது. கட்டும் கலங்களோ அதே அழற்சியால் அடங்கிப்போகின்றன. வெட்டுவோர் கூடி, போடுவோர் குறைந்தால் கட்டு என்னாகும்? மூட்டின் ஓரங்கள் அரிக்கப்படுகின்றன. முள்ளந்தண்டும் இடுப்பெலும்பும்கூட நலிகின்றன. பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எக்ஸ்றேயில் அரிப்புத் தெரிந்துவிடும். அரித்த இடம் பெரும்பாலும் திரும்ப நிரம்புவதில்லை.

கடையில் வாங்கும் டைக்குளோபெனாக் நோவைத் தணிக்கும்; அரிப்பை நிறுத்தாது. நோவு இல்லையே என்று இருந்துவிடுவதில்தான் ஆபத்து. பிரெட்னிசொலோன் வேறு விதம். 1948இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் இவ்வினத்துக் கோட்டிசோனை இந்நோய்க்கு முதன்முதல் கொடுத்தார். 1950இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். அழற்சியை அது விரைவில் அடக்கும். ஆனால் மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே எலும்பை மெலியச் செய்யும். நெடுநாள் எடுத்தவர் திடீரென நிறுத்தவும் கூடாது.

அழற்சியை வேரோடு அடக்க வைத்தியர்கள் பெரும்பாலும் முதலில் தருவது மெதோட்றெக்சேற். கிழமையில் ஒருநாள் மட்டுமே அதை எடுக்கவேண்டும். தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு ஆகாது, இரத்தப் பரிசோதனையும் இடைக்கிடை வேண்டும். ஊர் மாறவேண்டி வந்தால், கிளினிக் கொப்பியை அடையாள அட்டையோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் பெயரும் அளவும் புதிய இடத்து வைத்தியருக்கு அதிலிருந்துதான் தெரியவரும்.