வெயில் இருக்கு, பேனல் இருக்கு, கரண்ட் எங்கே?

குட்டிச் செல்லங்களே, உங்களுக்கு ஒரு புதிர். மாடியில் பளபளவென்று ஆறு சோலார் பேனல்கள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆனால், வீட்டுக்குள் ஒரு மின்விசிறிகூடச் சுற்றவில்லை! பேனலில் பழுது இல்லை, ஒயரும் அறுபடவில்லை. அப்படியானால் காரணம் என்ன?

இது கற்பனைப் புதிர் இல்லை. ஆரணியில் என் வீட்டிலேயே நடந்தது. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது அல்லவா? எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. எங்கள் தெருவிலும் கரண்ட் போனது. மழை விட்டு, வெயிலும் வந்துவிட்டது. கரண்ட் மட்டும் வரவில்லை.

பக்கத்து வீட்டில் குழித்தறி போட்டிருக்கிறார்கள். தறிக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"சார், தை மாசம் கல்யாணச் சேலை ஒண்ணு தறியில நிக்குது. உங்க மாடியிலதான் சோலார் இருக்குதே, ஒரு ஒயர் இழுத்து ஒரே ஒரு லைட்டு போட்டுக்கிறேன்" என்றார்.

குழித்தறிக்குக் கரண்ட் எதற்கு என்று கேட்பீர்கள். தறிக்கு வேண்டாம், கையும் காலும் போதும். ஆனால் கண்ணுக்கு வெளிச்சம் வேண்டுமே! பாவில் ஆயிரக்கணக்கான பட்டு இழைகள். ஒன்று அறுந்தாலும் அதைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். தறி இருக்கும் அறைகளில் பகலிலும் பாதி இருட்டுதான். வெளிச்சம் இல்லாத நாள், கூலி இல்லாத நாள்.

"எங்க வீட்டிலயும் கரண்ட் இல்லையேப்பா" என்றேன். அவர் நம்பாமல் மாடியைப் பார்த்தார். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் விடுவானா? "தாத்தா, இனிமே கரண்ட் போனாலும் கவலை இல்லைன்னு பேனல் மாட்டினவர் சொன்னாரே, பொய்யா?" என்றான்.

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். அவசரத்தில் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்தப் பாதியை உங்களுக்குச் சொல்கிறேன்.

வெயில் பட்டதும் பேனலில் பிறப்பது பேட்டரியில் வருவதைப் போன்ற நேர்மின்சாரம். நம் வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் வேண்டியது 230 வோல்ட் மாறுமின்சாரம். அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடும். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவது சுவரில் மாட்டியிருக்கும் இன்வெர்ட்டர். எங்கள் பேனல்கள் 3 கிலோவாட். நல்ல வெயில் நாளில் சுமார் 12 யூனிட் தரும். வீட்டுக்குப் போக மிச்சம் தெருக்கம்பிக்குப் போய்விடும். இரவில் அங்கிருந்து வாங்கிக்கொள்வோம். போனதையும் வந்ததையும் மீட்டர் எழுதிக்கொள்ளும்.

இந்த இன்வெர்ட்டருக்கு ஒரு குணம் உண்டு. தானாகத் தாளம் போடத் தெரியாது! பெரிய கரை வைத்த சேலை நெய்யும்போது நெசவாளருக்குப் பக்கத்தில் உதவியாள் ஒருவர் உட்காருவார். நெசவாளர் மிதியை மிதித்து நாடாவை விட்டால், அதே வேகத்தில் இவரும் தன் நாடாவைப் போடுவார். நெசவாளர் நிறுத்தினால் இவரும் நிறுத்திவிடுவார். நம் இன்வெர்ட்டரும் அந்த உதவியாள்தான். மின்வாரியக் கம்பியில் வரும் அந்த 50 ஆட்டத்தைப் பார்த்துத்தான் வேலை செய்யும். அது நின்றால் ஒரு சில நொடிக்குள் கையைக் கட்டிக்கொள்ளும்.

வேண்டுமென்றேதான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஏன் தெரியுமா? கம்பத்தின் மேலே இருக்கும் மனிதருக்காக!

தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நம் வீட்டுக்குத் தருகிறது. தலைகீழாகச் செலுத்தினால் அதே டிரான்ஸ்பார்மர் நம் 230 வோல்ட்டை 11,000 ஆக உயர்த்திவிடும். ஊர் முழுக்கக் கரண்ட் நின்றுவிட்டது என்று நம்பி லைன்மேன் அறுந்த கம்பியைக் கையில் எடுக்கும் நேரத்தில், என் மாடியிலிருந்து கரண்ட் கிளம்பினால்? நினைக்கவே உடம்பு நடுங்குகிறது. கரண்ட் போனால் சோலாரும் கூடவே நிற்பதற்கு அதுதான் காரணம். ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக்கில் சொருகிப் பார்க்கும் 'கெட்டிக்காரர்கள்' சிலரைக் கண்டிருக்கிறேன். நீங்கள் அதை விளையாட்டுக்கும் செய்யாதீர்கள். பெரியவர்கள் செய்தாலும் தடுங்கள்.

"அப்போ வழியே இல்லையா, தாத்தா?" என்றான் பேரன்.

இருக்கிறது. முதலில், கரண்ட் போனவுடன் நம் வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து முழுசாகத் துண்டிக்கும் சுவிட்ச் வேண்டும். இன்ஜினியர்கள் இதை வீட்டைத் 'தீவு' ஆக்குவது என்கிறார்கள். பிறகு, அந்தத் தீவுக்குள் தாளம் போட ஒரு நெசவாளர் வேண்டும். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும்தான் அவர். அவர் தாளம் போட்டால் மாடிப் பேனலும் விழித்துக்கொண்டு வேலைக்கு வந்துவிடும். லைன்மேனுக்கும் ஆபத்து இல்லை.

நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பார்த்திருப்பீர்கள். 12 வோல்ட்டால் பெருக்குங்கள். 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்! ஆனால் ஒரு மின்சாரக் காரின் அடியில் 40 யூனிட் பிடிக்கும் பேட்டரி படுத்திருக்கிறது. பாதி நேரம் அந்தக் கார் வாசலில் சும்மாதானே நிற்கிறது?

இந்த யோசனைக்கு உயிர் வந்தது ஜப்பானில். 2011 மார்ச் 11-ல் அங்கே பெரிய நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. பெட்ரோல் கிடைக்கவில்லை. பல இடங்களில் பெட்ரோலுக்கு முன்பே மின்சாரம் திரும்பிவிட்டது. அப்போது மருத்துவர்களையும் நிவாரணப் பொருள்களையும் சுமந்து ஓடியவற்றில் மின்சாரக் கார்களும் உண்டு. 'கார் பேட்டரியிலிருந்து வீட்டுக்கே மின்சாரம் கொடுத்தால் என்ன?' என்று யோசித்தார்கள். மறு வருடமே, 2012-ல், நிசான் நிறுவனம் லீஃப் என்ற காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் தரும் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காரின் பேட்டரி 24 யூனிட். சாதாரண ஜப்பானிய வீட்டுக்கு இரண்டு நாள் வரும் என்றார்கள். 2019 செப்டம்பரில் சிபா பகுதியைப் புயல் தாக்கி லட்சக்கணக்கான வீடுகள் இருண்டபோது, அந்தக் கார்கள் போய் நின்று விசிறிகளை ஓட்டின; செல்போன்களுக்கு சார்ஜ் ஏற்றின.

நம் நாட்டுக்கும் பாதி வழி வந்துவிட்டது. 2023-ல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5, புதிய டாடா நெக்ஸான் இ.வி. ஆகிய கார்களில், காரிலிருந்தே சுமார் 3 கிலோவாட் வரை எடுக்க வழி உண்டு. விளக்கு, விசிறி, மிக்ஸி எல்லாம் ஓடும். அந்த ஐயோனிக்கைப் பூட்டுவது சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலையில்தான். ஆனால் காரையும் பேனலையும் வீட்டையும் ஒன்றாகக் கோக்கும் பெட்டி இங்கே இன்னும் பரவலாக வரவில்லை. விலையும் நம் கைக்கு எட்டாது. மின்சார ஸ்கூட்டர்கள்தான் நம் தெருவில் அதிகம். அவற்றில் பெரும்பாலானவற்றில் கரண்டை வெளியே எடுக்க வழியே வைக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, பக்கத்து வீட்டுக் கணக்கைப் போடுவோமா? 9 வாட் பல்பு மூன்று, 5 மணி நேரம்: 135. 75 வாட் விசிறி இரண்டு, 10 மணி நேரம்: 1,500. டி.வி.க்கு 300, பிரிஜ்ஜுக்கு 1,000 என்று வையுங்கள். கூட்டினால் 2,935 வாட்-மணி. ஏறக்குறைய ஒரு நாளைக்கு 3 யூனிட்! 40 யூனிட் காரில் 10 யூனிட்டைத் தொடக்கூடாது. நடுராத்திரியில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமே. மிச்சம் 30. பத்து நாள் வருகிறது. மாற்றும்போது கொஞ்சம் வீணாகும் என்பதால் எட்டு, ஒன்பது நாள் என்று சொல்லுங்கள். பகலில் பேனல் நிரப்பிக்கொடுத்தால் இன்னும் நீளும்.

அன்றைக்கு என்னிடம் காரும் இல்லை, பேட்டரியும் இல்லை. டார்ச் விளக்கைத்தான் கொடுத்தனுப்பினேன். மாலையில் லைன்மேன் இருவர் நனைந்த சட்டையோடு கம்பத்தில் ஏறி வேலை பார்த்தார்கள். பேரன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கரண்ட் வந்ததும் பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் கேட்டது. எங்கள் இன்வெர்ட்டர் மட்டும் உடனே விழிக்கவில்லை. தெருக்கம்பியில் தாளம் சரியாக வருகிறதா என்று சில நிமிடம் கேட்டுவிட்டுத்தான் பச்சை விளக்கைக் காட்டியது.

வாத்தியார் வீட்டுப்பாடம் தராமல் போவேனா? உங்கள் வீட்டு மின்கட்டண விவரத்தை எடுங்கள். யூனிட்டை, அது எத்தனை நாளுக்கோ அந்த எண்ணால் வகுங்கள். அந்த 30 யூனிட் உங்கள் வீட்டுக்கு எத்தனை நாள் வரும்?