உங்களுக்குத் தெரியுமா? இங்கே 1-ஐ விட 0 உசத்தி!

அலுவலகத்தில் ஒருவர் பெரிய ஃபைலை டவுன்லோடு செய்துகொண்டிருக்கும்போதும் பக்கத்து மேசை ஐபி போனில் பேச்சு பிசிறில்லாமல் கேட்கிறதே, எப்படி? நெட்வொர்க் ஸ்விட்ச் எல்லாப் பாக்கெட்டுகளையும் ஒரே வரிசையில் நிறுத்துவதில்லை.

ஈதர்நெட் ஃப்ரேமில் செருகப்படும் விலான் (VLAN) டேக் என்ற 4 பைட் குறிப்பில் 3 பிட்டுகள் முன்னுரிமைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஆக 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். குரலுக்கு வழக்கமாக 5. நெட்வொர்க்கையே கட்டிக்காக்கும் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு 7. வேடிக்கை அடிமட்டத்தில்தான்: 0 சாதாரணப் போக்குவரத்து, 1 அதற்கும் கீழே, அவசரமே இல்லாத பின்னணி வேலைகளுக்கு!

ஐபி ஹெடரிலும் இப்படி ஒரு குறி உண்டு, 6 பிட் நீளம். குரலுக்கு அதில் 46. இதை பைனரியில் எழுதினால் 101110. முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்தால் 101, அதாவது அதே 5. ஐபி குறியை விலான் டேகின் படியாக மாற்ற, பல ஸ்விட்சுகளின் மேப்பிங் அட்டவணை செய்வதும் இவ்வளவுதான்.

எட்டுப் படி இருந்தும் ஒரு போர்ட்டுக்கு நான்கே வரிசைகள் உள்ள ஸ்விட்சுகள் ஏராளம். அங்கே ஒரே வரிசையில் இரண்டு படிகள் சேர்ந்துகொள்ளும்.

சரி, ஒரு கணினி தன் பாக்கெட்டுகளுக்குத் தானே 7 போட்டுக்கொண்டால்? அந்தத் தந்திரத்துக்கும் தடை உண்டு. அந்த போர்ட்டில் வரும் குறியை நம்பாமல் 0 என்று மாற்றி எழுதும்படி ஸ்விட்சை அமைத்துவிடலாம்.

நெரிசலே இல்லாத லைனில் இந்த எண்கள் எதையும் வேகப்படுத்துவதில்லை.