சோரியாசிஸ் ஒட்டிக்காது... சரி, தோல் ஏன் இப்படி உதிருது?

முழங்கையில் வெள்ளைச் செதில்களைப் பார்த்ததும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். சோரியாசிஸ் உள்ள பலருக்கு அரிப்பைவிட இதுதான் பெரிய வலி. அதனால் முதலிலேயே சொல்லிடலாம்: இது தொற்றுநோய் இல்லை. கை குலுக்கினாலும், ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும் ஒட்டாது.

அப்போ பிரச்னை எங்கே? தெரிவது தோலில். தூண்டிவிடுவது நோய் எதிர்ப்பு மண்டலம். கிருமியே இல்லாத இடத்தில், கிருமி வந்துவிட்டதுபோல டி செல்கள் கூடுகின்றன. ஐஎல்-23 என்ற சிக்னல் அவற்றை உசுப்பிவிட, அவை ஐஎல்-17 என்ற புரதத்தைச் சுரந்து தோல் செல்களை விரட்டுகின்றன. வழக்கமாக ஒரு தோல் செல் அடியில் உருவாகி, மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இங்கே சில நாள்களிலேயே மேலே வந்துவிடும். பழசு உதிர்வதற்குள் புதுசு வந்து குவிவதுதான் அந்தத் தடித்த செதில்.

இது தெரியவந்ததே தற்செயல்தான். தோல் செல்லின் கோளாறு என்றே ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 1979-ல், எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சைக்ளோஸ்போரினை மூட்டு நோய்க்குக் கொடுத்துப் பார்த்தபோது, சோரியாசிஸும் குறைந்தது!

இப்போது ஐஎல்-17-ஐ மட்டும் குறிவைக்கும் செகுகினுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. நல்ல பலன் உண்டு, ஆனால் விலை அதிகம். இந்த வகை ஊசிகளைத் தொடங்கும் முன் உள்ளே காசநோய் பதுங்கியிருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். பாதிப்பு குறைவாக இருந்தால் களிம்பு, ஒளி சிகிச்சையே போதும்.

கவனம் தேவைப்படுவது மாத்திரையில். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறைதான். தவறிப்போய் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று சீட்டில் எழுதி வாங்கிக்கோங்க. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை போடுவதும் வேண்டாம். உடனே குறைந்த மாதிரி இருக்கும், நிறுத்தினால் சீழ்க் கொப்புளங்களோடு மோசமாகத் திரும்பலாம்.

காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் விறைப்பாக இருக்கிறதா? அதையும் தோல் டாக்டரிடம் சொல்லுங்க. இதே அழற்சி மூட்டுக்கும் பரவும், தாமதித்தால் அந்தச் சேதம் நிரந்தரமாகிவிடும்.