வாரம் ஒரு பாடம்



பினாங்கு லிட்டில் இந்தியாவுக்கு ஒரு முறையாவது போகாத தோட்டக் குடும்பம் வடக்கே மிகக் குறைவு. தீபாவளிக்குத் துணி, கலியாணத்துக்குப் பொன், வீட்டுக்கு மசாலைச் சாமான் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். குயின் ஸ்திரீட்டில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. சற்றுத் தள்ளிக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. பல சமயத்தார் அடுத்தடுத்து வாழ்ந்த ஊர் அது.

அந்த ஊரிலே யூதர்களும் வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பாக்தாத் பக்கமிருந்து வணிகத்துக்காக வந்தவர்கள். லிட்டில் இந்தியாவுக்கு மேற்கே, நம் நாகூரின் பெயரைத் தாங்கிய நாகூர் ரோட்டில், 1929-இல் அவர்களுக்கு ஒரு தொழுகைக் கூடம் ஏற்பட்டது. ஆட்கள் குறைந்து போனதால் 1976-இல் அது மூடப்பட்டது. இன்று அவர்களுடைய பழைய இடுகாடு மட்டும் அங்கே மிஞ்சியிருக்கிறது. ஆனால் அவர்கள் கைக்கொண்ட ஒரு வழக்கம் உலகின் பல பாகங்களில் இன்னும் நடந்து வருகிறது. நமக்கும் அது பயன்படும்.

யூதர்களின் வேதத்துக்குத் தோரா என்று பெயர். மோசேயின் ஐந்து நூல்கள் என்று கிறிஸ்தவ அன்பர்கள் அறிந்திருப்பவை இவையே. இதனை 54 பகுதிகளாகப் பிரித்து, சனிக்கிழமைதோறும் முறைப்படி ஓதுவார்கள். சில வாரங்களில் இரண்டு பகுதிகள் சேர்ந்து வரும். ஓராண்டில் முழுவதும் முடியும். முடித்த அன்றே மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிடுவார்கள். திங்களும் வியாழனும்கூடச் சிறிது ஓதுவதுண்டு. பழங்காலத்தில் அவை சந்தை நாட்கள். சந்தைக்கு வரும் கிராமத்து மக்களின் காதிலும் நல்ல சொல் விழட்டும் என்பதே நோக்கம் என்பார்கள். ஓதியதோடு நின்றுவிடாமல், “இந்த வாரப் பகுதி நம் வாழ்க்கைக்கு என்ன சொல்கிறது?” என்று வீட்டிலும் உட்கார்ந்து பேசுவார்கள்.

உதாரணத்துக்கு ஒரு பகுதியைப் பார்ப்போம். லேவியராகமத்தில் வரும் அதற்குக் கெதோஷீம் என்று பெயர். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் ஓதப்படும். அதில் நான்கு செய்திகள் நம் லயத்து வாசலுக்கே வருகின்றன.

முதலாவது, கூலி. கூலிக்காரனின் சம்பளத்தை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே என்கிறது அப்பகுதி. நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டமும், சம்பளக் காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் ஊதியம் கொடுக்க வேண்டும் என்கிறது. இது முதலாளிக்கு மட்டும் சொன்னதல்ல. வீட்டுக்கு முன் புல் வெட்டிய பையனுக்கும் துணி தைத்துக் கொடுத்த அம்மாவுக்கும், “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று சொல்கிறோமே! அப்போது நாமே முதலாளிகள்.

இரண்டாவது, நிறை. கள்ளத் தராசு கூடாது என்கிறது. பால் நிறுக்கிற இடத்தில் முள் எங்கே நிற்கிறது என்று உற்றுப் பார்க்கிறவர்கள் நாம். ஒரு கிலோ குறைந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். அப்படியிருக்க, நம்மில் ஒருவர் கடை வைத்தால் அந்த முள்ளை மறக்கலாமா?

மூன்றாவது, பார்வையற்றவர் வழியில் இடறுகல்லை வைக்காதே என்பது. கண் தெரியாதவரை மட்டும் இது குறிக்காது. விவரம் அறியாதவருக்குத் தவறான யோசனை சொல்வதும் இடறுகல்தான் என்று யூத அறிஞர்கள் விளக்கினார்கள். படிக்கத் தெரியாதவரிடம் என்ன ஏதென்று சொல்லாமல் கடன் தாளில் கையெழுத்து வாங்குவது அந்தக் கல். ஆலோங்கிடம் கடன் வாங்க ஆள் சேர்த்துவிடுவதும் அந்தக் கல். கைப்பேசியில் வருகிற “இரட்டிப்புப் பண” ஆசையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவதும் அதே கல்தான்.

நான்காவது, அயலான். நீங்களும் எகிப்தில் அயலாராக இருந்தவர்களே, ஆகவே உங்களிடம் வந்திருப்பவனை ஒடுக்காதீர்கள் என்பது இதன் பொருள். நம் பாட்டன் பாட்டிமார் ராஜுலா போன்ற கப்பல்களில் வந்து, மொழி தெரியாத மண்ணில் இறங்கியவர்கள். இன்று செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கிறார்கள். அவர்களை ஏளனமாகக் கூப்பிட நம் பிள்ளைகள் எங்கே கற்றுக்கொண்டார்கள்? பெரும்பாலும் நம்மிடம்தான். அந்நாளில் நம்மை அப்படி அழைத்தபோது எவ்வளவு வலித்தது என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

நேயர்களே, இதற்காக நாம் வேறு சமயத்துக்குப் போக வேண்டியதில்லை. மார்கழியில் நாளுக்கொரு திருப்பாவைப் பாசுரம் பாடுகிற வழக்கம் நமக்கும் உண்டு. வாரம் ஒரு குறளை எடுத்துக்கொள்ளலாம். விவிலியம் படிப்பவர்கள் அதில் ஒரு பகுதியையும், குர்ஆன் ஓதுபவர்கள் அதில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு இரவு, சாப்பாடு முடிந்தபின் கால்மணி நேரம் போதும். பிள்ளை வாசிக்கட்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த வாரம் நாம் யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது?”

பதில் சில சமயம் பணமாக இருக்கும். சில சமயம் ஒரு நல்ல சொல்லாக இருக்கும். எதுவானாலும் அடுத்த ஞாயிறு வருமுன் கொடுத்துவிடுங்கள்.