நாக்குக்கும் ஒரு பிறந்த வீடு உண்டு!



வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் ஏங்குவதை எத்தனையோ பேர் எழுதிப் படித்திருப்பீர்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை நம் வீட்டுக்கு வந்து, அந்த ஊர்த் தின்பண்டத்துக்கு ஏங்கி அழுதால் என்ன செய்வீர்கள்? போன மார்கழி, தை மாதங்களில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். யாருக்காவது பயன்பட்டால் சந்தோஷம்.

எங்கள் ஊர் கொமரலிங்கம். மடத்துக்குளத்துக்குப் பக்கம், அமராவதி ஆற்றங்கரை. நெல் வயலும் தென்னந்தோப்புமாக இருக்கும். என் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் காலையில் கிளம்பி விடுவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் அத்தையும் என் பையனும்தான். அத்தை என்றால் என் மாமியார்.

என் நாத்தனார் கல்யாணமாகி ஆஸ்திரேலியா போனவர். மெல்போர்னில் இருக்கிறார்கள். ஒரே பெண் குழந்தை, வயது 10. அங்கே டிசம்பர், ஜனவரியில்தான் கோடை விடுமுறை. ஆறு வருஷம் கழித்து அம்மாவும் மகளும் பொங்கலுக்கு வருகிறார்கள் என்றதும் அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முட்டி வலியை மறந்து, பச்சரிசியும் வெல்லமும் ஆட்டிக் கச்சாயம் சுட்டார். தட்டுவடை, எள்ளுருண்டை, வந்த அன்றைக்கே சுடச்சுட ஒப்புட்டு. எல்லாம் பேத்திக்காக.

பாப்பா கச்சாயத்தை ஒரு கடி கடித்தாள். மெதுவாகத் தட்டில் வைத்தாள். "ரொம்ப எண்ணெயா இருக்கு அம்மாயி, வேண்டாம்" என்று சொல்லி விட்டாள். ஒப்புட்டும் வேண்டாம். எள்ளுருண்டை பல்லில் ஒட்டுகிறதாம்.

அவள் கொண்டு வந்த பெட்டியில் மஞ்சள் மூடி போட்ட சின்ன பாட்டில் ஒன்று இருந்தது. உள்ளே கீல் மாதிரி கறுப்பாக ஏதோ பசை. காலையில் ரொட்டியில் தடவி அதைத்தான் தின்பாள். "பிள்ளைக்கு என்ன நோவு? எதுக்கு லேகியம் குடுக்கறே?" என்று அத்தை பயந்து போய்க் கேட்டார். அதன் பெயர் வெஜிமைட்டாம். நம் வீட்டில் ஊறுகாய் இருக்கிற மாதிரி ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கு வீடு இருக்குமாம்.

ஜாம் என்று நினைத்து நான் ஒரு ஸ்பூன் அள்ளி வாயில் போட்டேன். அம்மாடி! உப்பும் கசப்புமாக, கருவாட்டுக் குழம்பைச் சுண்டக் காய்ச்சி வழித்த மாதிரி. நான் முகம் சுளித்ததைப் பார்த்துப் பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். வந்ததிலிருந்து அன்றுதான் முதல் சிரிப்பு. "அத்தை, அப்படித் திங்கக் கூடாது. வெண்ணெய் மேல கொஞ்சூண்டு, இப்படி" என்று அவளே தடவிக் காட்டினாள். மெலிசாகத் தடவினால் அவ்வளவு மோசமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு வாரத்தில் பாட்டில் காலி. உடுமலையில் கேட்டோம், கிடைக்கவில்லை. திருப்பூரில் கேட்டுப் பார்த்தார் வீட்டுக்காரர், அங்கும் இல்லை. ஒரு நாள் ராத்திரி போர்வைக்குள் விசும்பல் சத்தம். "வீட்டுக்குப் போலாம்மா" என்று அழுகிறாள்.

மறுநாள் அத்தைக்குப் பொறுக்கவில்லை. "சோத்தைப் பார்த்து மூஞ்சியத் திருப்புற திமிரு இந்த வயசுலயே வந்திருச்சே. பிள்ளையை வளர்த்த லட்சணமா இது?" என்று மகளிடம் கேட்டு விட்டார். நாத்தனாருக்கு முகம் சுருங்கி விட்டது. "நீ சுட்டதைத் தின்னலைன்னு தானேம்மா கோபம்? அது அழறது உனக்குத் தெரியலையா?" என்று பதிலுக்குப் பேசி விட்டார். ஆறு வருஷம் காத்திருந்த அம்மாவும் மகளும் இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்த நேரம். எனக்கு மனசே சரியில்லை.

அப்போதுதான் எனக்கு என் பழைய கதை ஞாபகம் வந்தது.

நான் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். பத்தாவது வரை படித்தவள். 22 வயதில் இங்கே வாக்கப்பட்டு வந்தேன். இங்கே சாப்பாட்டுக்கு எந்தக் குறையும் இல்லை. அரிசிம்பருப்புச் சாதமும், கொள்ளுப் பருப்பும், தேங்காய் தாராளமாகப் போட்ட குழம்பும் அத்தை கைப்பக்குவத்தில் அமிர்தம். ஆனாலும் சாம்பார் சாதத்துக்குச் சாத்தூர் காராச்சேவு இல்லாமல் எனக்குத் தொண்டையில் இறங்காது. சாயங்காலம் ஆனால் கடலைமிட்டாய் ஞாபகம். (எங்கள் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, நானே பரிசு வாங்கிய மாதிரி பெருமைப்பட்டேன்.) தை மாதம் வந்தால் பனங்கிழங்கு நினைப்பு.

அப்பா பார்க்க வரும்போது அரைக்கிலோ சேவு வாங்கி வருவார். அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தின்பேன். ஒரு நாள் அத்தை பார்த்து விட்டார். "ஏன், இங்க உனக்குச் சோறு போடறதில்லையா?" என்றார். ஒரே கேள்விதான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது. அதற்குப் பிறகு அப்பாவிடம் சேவு வாங்கி வர வேண்டாம் என்று சொல்லி விட்டேன். 14 வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் அத்தையோடு உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். துணிந்து கேட்டு விட்டேன். "அத்தை, நான் பீரோவில சேவு வெச்சிருந்தது ஞாபகமிருக்குதுங்களா? உங்க சமையல் பிடிக்காம இல்லீங்க. அதைத் தின்னா எங்க அப்பா பக்கத்தில உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். பாப்பாவுக்கும் அப்படித்தான் இருக்குமோ என்னமோ."

அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். அத்தை பிறந்தது தாராபுரம் பக்கத்து மேட்டுக்காடு. அங்கே கம்பும் சோளமும்தான். ஆற்றுப் பாசனம் உள்ள இந்த ஊருக்கு வந்ததும் மூன்று வேளையும் நெல்லுச் சோறு. ஊரே கொடுத்து வைத்தவள் என்றதாம். அத்தைக்கோ கம்மஞ்சோறும் மோரும் கேட்டு நாக்கு அடித்துக்கொள்ளுமாம். ஒரு நாள் வாய் விட்டுக் கேட்டதற்கு அவருடைய மாமியார், "நெல்லுச் சோறு கண்டும் காட்டுச் சோத்து ஆசை போகலையா?" என்று நாலு பேர் முன்னால் சிரித்தாராம். "அன்னைக்கு எனக்கு வலிச்சது. அதையே நான் உனக்கும் பண்ணியிருக்கேன் பாரு கண்ணு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமியார் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே எனக்குப் போதும்.

சாயங்காலம் அத்தையே பாப்பாவைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்தார். "சாமி, உங்க ஊர்ல என்னென்ன திம்பே? அம்மாயிக்குச் சொல்லு" என்றார். பிள்ளைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தமிழ் வந்ததோ! சாக்லேட் பூசிய டிம் டாம் பிஸ்கட். சதுர கேக்கைச் சாக்லேட்டில் முக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன். பிறந்த நாளுக்கு வெண்ணெய் தடவிய ரொட்டி மேல் கலர் கலர் சர்க்கரை முத்து தூவிய ஃபேரி பிரெட். சூடான கறி பை. கை நீட்டி நீட்டிச் சொல்கிறாள். அந்த வெஜிமைட் 1922-ல் அவர்கள் மெல்போர்னிலேயே சிரில் கேலிஸ்டர் என்பவர் கண்டுபிடித்ததாம். அடுத்த வருஷம் கடைக்கு வந்ததாம். 'பி' வைட்டமின் சத்து நிறைய உண்டாம். பீர் தயாரித்த பிறகு மிஞ்சும் ஈஸ்ட்டில் செய்வது என்று நாத்தனார் என் காதில் மட்டும் சொன்னார். அதில் போதை எதுவும் கிடையாது. இருந்தாலும் அத்தையிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. அத்தை பேப்பர் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்!

இவற்றில் நம் வீட்டில் செய்யக் கூடியது எது என்று யோசித்தோம். நாத்தனார்தான் அன்சாக் பிஸ்கட் என்றார். 1915-ல் முதல் உலகப் போரின்போது ஆஸ்திரேலிய, நியூசிலாந்து சிப்பாய்கள் ஏப்ரல் 25-ந் தேதி துருக்கியில் கலிப்போலி என்ற இடத்தில் கரை இறங்கினார்கள். ஏராளமான பேர் செத்துப் போனார்கள். அந்த நாளை இன்றும் அங்கே அனுசரிக்கிறார்கள். கடல் கடந்து போன பிள்ளைகளுக்கு வீட்டுப் பெண்கள் செய்து அனுப்பிய பலகாரம் என்று இந்தப் பிஸ்கட்டைப் பற்றிச் சொல்வது வழக்கமாம். முட்டை இல்லாததால் பல நாள் கெடாது. கேட்டதும் அத்தை, "நாம முறுக்குச் சுட்டுக் குடுத்து விடற மாதிரி தானே!" என்றார்.

செய்முறை சுலபம். ஓட்ஸ் 1 கப், மைதா 1 கப், தேங்காய்த் துருவல் 1 கப், சர்க்கரை முக்கால் கப் கலந்து கொள்ளுங்கள். தேங்காயை வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்துக் கொள்வது நல்லது. வெண்ணெய் 125 கிராமும், கரும்புப் பாகு 2 மேஜைக்கரண்டியும் சேர்த்து உருக்குங்கள். அரை டீஸ்பூன் சமையல் சோடாவைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து அதில் விட்டால் நுரைத்து வரும். மாவில் ஊற்றிப் பிசைந்து, உருட்டி லேசாகத் தட்டி, பொன்னிறமாகச் சுட வேண்டும். அங்கே 'கோல்டன் சிரப்' என்று கடையில் விற்பதும் சர்க்கரைப் பாகுதான். நாங்கள் வெல்லத்தைப் பாகு காய்ச்சி வடிகட்டிச் சேர்த்தோம்.

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. கனமான பாத்திரத்தில் உப்புப் பரப்பி, மேலே தட்டு வைத்து மூடிச் சுட்டேன். முதல் ஈடு அடி கருகி விட்டது. இரண்டாவது ஈட்டில் வாசம் வந்ததும் பாப்பா அடுப்படியை விட்டு நகரவில்லை. எங்கள் தோப்புத் தேங்காயும் எங்கள் பக்கத்து வெல்லமும் சேர்ந்து அவள் ஊர்ப் பிஸ்கட் ஆகி விட்டது! அத்தை ஒன்றைக் கடித்துப் பார்த்து, "அட, இது நம்ம தேங்காய் பர்பிக்கு ஒண்ணு விட்ட தங்கச்சி" என்றார். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்றிலிருந்து பாப்பா எல்லாவற்றையும் தின்ன ஆரம்பித்து விட்டாள் என்று எழுதினால் அது பொய். கச்சாயம் கடைசி வரை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நெய் விட்ட அரிசிம்பருப்புச் சாதத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அத்தையும் "தின்னு, தின்னு" என்று துரத்துவதை விட்டு விட்டார். பட்டிப்பொங்கலன்று மாட்டுக்கு ஊட்டி விட்டு, அம்மாயிக்கும் ஒரு வாய் ஊட்டினாள்.

ஜனவரிக் கடைசியில் கிளம்பினார்கள். அங்கே விமானம் இறங்கும்போது ஒரு படிவம் உண்டு. கொண்டு போகும் சாப்பாட்டுச் சாமான் அத்தனையையும் அதில் சொல்லி விட வேண்டும். மறைத்தால் அபராதம். கறிவேப்பிலைக் கொத்து, பழம், பால் பலகாரம் இதெல்லாம் கூடாது. அங்கே கோமாரி நோய் கிடையாது. அது உள்ளே வந்து விடக் கூடாது என்றுதான் பால், இறைச்சிக்கு இவ்வளவு கண்டிப்பு. "2022 டிசம்பர் 29-லிருந்து நம்ம பனியனுக்கு அந்த நாட்டில வரி கூட இல்லை. பால்கோவா மட்டும் போக முடியாது பாரு" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். கோமாரி கண்டு வாய் புண்ணாகி நிற்கும் மாட்டைப் பார்த்த எங்களுக்கு அந்தச் சட்டம் நியாயமாகத்தான் தெரிந்தது. நாத்தனார் தனக்கென்று கச்சாயமும் பருப்புப் பொடியும் எடுத்துக்கொண்டு, படிவத்தில் எழுதியே கொண்டு போனார். பார்த்து விட்டு அனுமதித்து விட்டார்களாம். அங்கே போய் ஒரு கச்சாயத்தை நாலாகப் பிட்டு நாலு நாள் தின்றதாகப் போனில் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சம்பவம். வீட்டுக்காரரின் கம்பெனியில் பீகார் பையன்கள் வேலை செய்கிறார்கள். ஊருக்குப் போய் வரும்போது 'சத்து' என்று ஒரு மாவு கொண்டு வருவார்களாம். வறுத்த கடலையில் அரைத்தது. அதைத் தண்ணீரில் கரைத்து, வெங்காயம், உப்பு, மிளகாய் போட்டுக் குடிப்பார்களாம். முன்பெல்லாம் அவர் அதைச் சொல்லிச் சிரிப்பார். இந்த முறை, "பாவம், அதுகளும் வீட்டு நினைப்புல தானே குடிக்குதுக" என்றார்.

தோழியரே, மருமகளோ, பேத்தியோ, விடுதியிலிருந்து வரும் பிள்ளையோ, வேறு ஊர்ப் பண்டத்துக்கு ஏங்கினால் அதைத் திமிர் என்று சொல்லி விடாதீர்கள். நம் சமையலைக் குறை சொல்வதாகவும் நினைக்காதீர்கள். "உங்க ஊர்ல என்ன திம்பே?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். செய்து கொடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்டாலே பாதிப் பசி ஆறி விடும்.

போன வாரம் அத்தை உடுமலைக்கு மாத்திரை வாங்கப் போனார். வந்ததும் ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். பிரித்தால் காராச்சேவு! "உங்க ஊரு மாதிரி இருக்காது. இருந்தாலும் தின்னு கண்ணு. பீரோவுல வெக்காதே" என்றார். உண்மையிலேயே சாத்தூர்ச் சேவு மாதிரி இல்லைதான். ஆனால் கூடத்தில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கொடுத்து, வயிறு நிறையத் தின்றேன்.

- ஓர் இல்லத்தரசி, கொமரலிங்கம்.