உபதொழிலாக இணைய இணைப்பு: மேலூர் தரும் பாடம்

புதுமடம் போன்ற கடலோர ஊர்களில் உபதொழில் தேடும் சிறு விவசாயிகள், இணைய இணைப்பு வழங்கும் தொழிலில் இறங்குமுன் மதுரை மாவட்டம் மேலூர் வட்டார அனுபவத்தை அறிவது நல்லது.

2001இல் சென்னை ஐ.ஐ.டி.யின் கம்பியில்லாத் தொடர்பு முறையில் அங்கு கிராம மையங்கள் துவங்கின. நோயுற்ற வெண்டைச் செடியைப் படமெடுத்தனுப்பி, வேளாண் கல்லூரியின் ஆலோசனை பெற்றனர். ஆயினும் வருமானம் செலவுக்குக் காணாததால், பல மையங்கள் சில ஆண்டுகளில் மூடப்பட்டன.

இன்று கைபேசிக் கம்பெனிகளின் போட்டி வேறு. ஆகவே கடன் வாங்கிக் கோபுரம் எழுப்ப வேண்டாம். மத்திய அரசு 2020 டிசம்பரில் ஒப்புதலளித்த பி.எம்.வாணி திட்டத்தில் சிறு கடைக்காரரும் வைஃபை இணைப்பு விற்கலாம். உரிமமோ பதிவுக் கட்டணமோ தேவையில்லை.

மாதச் செலவுக்கு எத்தனை வாடிக்கையாளர் வேண்டும் என முதலில் கணக்கிட வேண்டும். உப்புக் காற்றில் கருவிகள் துருப்பிடிக்கும். பராமரிப்புக்கும் பணம் ஒதுக்குவது அவசியம். பழுதை அன்றே சரிசெய்வதே உள்ளூர்க்காரரின் பலம்.